அப்டேட் வராத போன்: அறிகுறியை வைத்துத் தடையைக் கண்டுபிடித்தல்

புதிய ஆண்ட்ராய்டு பதிப்பு வந்துவிட்டது என்ற செய்தி பரவியதும் திருகோணமலையில் எழும் முதல் கேள்வி, “சிம்மை மாற்றிப் போட்டால் அப்டேட் வருமா?” என்பதுதான். பெரும்பாலும் வராது. மத்திய வீதிக் கடைகளில் புதிதாக விற்கப்படும் போன்கள் பொதுவாக எந்த வலையமைப்புக்கும் கட்டுப்படாதவை. டயலொக், மொபிடெல், ஹட்ச் என்று எந்த சிம்மைப் போட்டாலும் அவற்றின் மென்பொருள் உற்பத்தியாளரிடமிருந்தே வருகிறது. ஆனால் இந்த ஊரில் ஏராளமான போன்கள் கடையில் வாங்கியவை அல்ல. டொரொண்டோவிலிருந்து மாமா கொண்டுவந்தது, டுபாயிலிருந்து மச்சான் அனுப்பியது, அமெரிக்காவில் பாவித்துக் கைமாறி வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அப்படி வந்த போன் உப்புவெளியில் இருந்தாலும் அதன் அப்டேட்டுக்கு அனுமதி தர வேண்டியவர் கடல் கடந்த நாட்டின் சேவை வழங்குநராக இருக்கலாம். அவர் தாமதித்தால் இங்கே எத்தனை ரீலோட் போட்டாலும் பயனில்லை.

எனவே சிம்மைக் கழற்றுவதற்கு முன், போன் யாருக்காகத் தயாரிக்கப்பட்டது என்று பாருங்கள். கீழே மெனுப் பெயர்களை ஆங்கில ஒலிப்பிலேயே எழுதுகிறேன். இங்கே பெரும்பாலானவர்கள் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை

செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ பக்கத்தைத் திறந்து மாடல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் ‘சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்’ பகுதியில் பில்ட் எண் (மென்பொருள் பதிப்பின் அடையாளம்), பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி, ‘கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்’ தேதி ஆகியவை கிடைக்கும். சாம்சங் போனில் ‘சர்வீஸ் புரொவைடர் சாஃப்ட்வேர் வெர்ஷன்’ என்று இன்னொரு பகுதியும் உண்டு. நீளமாக, எதற்கும் உதவாதது போலத் தெரியும். ஆனால் போனின் பிறப்புச் சான்றிதழ் அதுதான்.

ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்ப்பதை இதனுடன் குழப்ப வேண்டாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவில் போன் பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். அப்டேட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அறிகுறி: “உங்கள் மென்பொருள் அண்மையது” என்கிறது, ஆனால் அதே மாடல் வைத்திருக்கும் நண்பருக்கு வந்துவிட்டது

அதிகம் கேட்கப்படும் முறைப்பாடு இது. காரணங்கள் இரண்டு: ஒன்று படிப்படியான வெளியீடு, மற்றது சேவை வழங்குநர். இரண்டையும் பிரித்தறியாமல் எதையும் செய்யாதீர்கள்.

உற்பத்தியாளர்கள் ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்புவதில்லை. கூகுள் பொறியாளர் டான் மொரில் 2013 நவம்பரில் தம் நிறுவனத்தின் முறையை விளக்கினார்: முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்கு 1 சதவீதப் போன்களுக்கு மட்டும் அப்டேட் போகும். பிழை ஏதும் தலைகாட்டவில்லை என்றால் 25, 50, 100 சதவீதம் என்று ஓரிரு வாரங்களில் உயர்த்துவார்கள். சிவன் கோயிலடியில் ஒருவருக்கு வந்து, அடுத்த வீட்டுக்காரருக்கு வராமல் இருப்பது இதனால்தான். மருந்து, பொறுமை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘கூகுள் சர்வீசஸ் ஃப்ரேம்வொர்க்’ செயலியின் டேட்டாவை அழித்தால் வரிசையில் முந்திவிடலாம் என்று ஒரு பழைய வித்தை சுற்றிக்கொண்டிருக்கிறது. மொரில் அந்த விளக்கத்தை எழுதியதே இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான். அப்படி அழித்தால் கூகுள் சேவையகத்தில் உங்கள் போனின் அடையாள எண் மாறிவிடும். பழைய எண்ணை நம்பியிருக்கும் செயலிகளுக்கு அறிவிப்புகள் வராமல் போகும். அப்டேட்டைத் தேடப்போய் செய்திகளை இழப்பது நல்ல வியாபாரம் அல்ல.

மாதக்கணக்கில் வரவில்லை என்றால் பொறுமையைக் கைவிட்டு அந்தப் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். சாம்சங் கலக்ஸி எஸ்23 ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாடல் எண் எஸ்.எம்-எஸ்911 என்று தொடங்கும். அதன் பின்னால் வரும் எழுத்தே முக்கியம். ‘பி’ என்றால் சர்வதேசச் சந்தைக்கானது. ‘டபிள்யூ’ என்றால் கனடா, ‘என்’ என்றால் கொரியா. ‘யூ’ மட்டும் இருந்தால் அமெரிக்கச் சேவை வழங்குநர் ஒருவருக்காகச் செய்தது. ‘யூ1’ என்றால் அமெரிக்காவில் கட்டுப்பாடின்றி விற்றது.

அடுத்து ‘சர்வீஸ் புரொவைடர்’ பகுதியில் சாய்கோடுகளுக்கு இடையே மூன்றெழுத்துக் குறிகள் இருக்கும். முதலாவது குறிதான் வழமையாக இப்போது ஆள்வது. எஸ்.எல்.கே. என்றால் இலங்கை; நிம்மதியாக இருங்கள். ஐ.என்.எஸ். இந்தியா, எக்ஸ்.எஸ்.ஜி. ஐக்கிய அரபு அமீரகம், கே.எஸ்.ஏ. சவுதி. இவையெல்லாம் நாட்டுக் குறிகள். இடையில் எந்தச் சேவை வழங்குநரும் இல்லை. வி.இசட்.டபிள்யூ. என்றால் வெரைசன், ஏ.டி.டி. என்றால் ஏ.டி. அண்ட் டி., டி.எம்.பி. என்றால் டி-மொபைல். கனடாவில் பி.எம்.சி., ஆர்.டபிள்யூ.சி., டி.எல்.எஸ். ஆகியவை முறையே பெல், ரொஜர்ஸ், டெலஸ். எக்ஸ்.ஏ.சி. மட்டுமே அங்கு யாருக்கும் சொந்தமில்லாதது. இப்படி ஒரு நிறுவனத்தின் குறி தென்பட்டால் தாமதத்தின் வாசலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

“ஆனால் இது அன்லொக் செய்த போன் அல்லவா?” என்று கேட்பார்கள். சிம் பூட்டு வேறு, மென்பொருள் வேறு. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் எல்லாப் போன்களையும் பூட்டின்றியே விற்க வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. அதனால் டொரொண்டோ போனில் இங்குள்ள சிம் உடனே வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் மென்பொருளோ பெல்லுக்காகவோ ரொஜர்ஸுக்காகவோ தயாரித்ததாகவே இருக்கலாம். பூட்டைத் திறந்ததால் குறி மாறிவிடுவதில்லை.

சரி, அந்த நிறுவனங்கள் ஏன் இழுத்தடிக்கின்றன? கூகுள் மூல நிரலை வெளியிட்ட பின், குவால்கொம், மீடியாடெக் போன்ற சிப் தயாரிப்பாளர்கள் தங்கள் பகுதியைத் தயார் செய்ய வேண்டும். பிறகு போன் தயாரிப்பாளர் தம் மேற்பூச்சை, அதாவது சொந்தத் தோற்றத்தையும் வசதிகளையும், சேர்ப்பார். கடைசியில் சேவை வழங்குநர் தம் வலையமைப்பில் சோதிப்பார்: அழைப்பு விழுகிறதா, அவசர அழைப்பு போகிறதா, 4ஜியில் கோபுரம் மாறும்போது துண்டிக்கிறதா, தாம் முன்கூட்டியே நிறுவிக் கொடுத்த செயலிகள் ஓடுகின்றனவா என்று. ஒன்று தோற்றால் திருப்பி அனுப்புவார். வரிசை மறுபடியும் தொடங்கும். இதில் நியாயமான பகுதியும் உண்டு. அவசர அழைப்பு போகாத போனை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் ஒரே சோதனை வரிசையில் பாதுகாப்புத் திருத்தமும் அலங்கார வசதியும் சேர்ந்து நிற்பதுதான் எரிச்சல்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய சான்று, கலக்ஸி நெக்ஸஸ். கூகுள் நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் வகைப் போன் அது. 2012இல் ஆண்ட்ராய்டு 4.1 சாதாரணப் பதிப்புக்கு ஜூலையில் வந்தது. வெரைசன் விற்ற பதிப்புக்கு வந்தது செப்டெம்பரில். 2013 ஏப்ரலில் அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஒன்றியம், பாதுகாப்புத் திருத்தங்களை வழங்காமல் வாடிக்கையாளரை ஆபத்தில் விட்டதாக அந்நாட்டின் நான்கு பெரிய தொலைபேசிச் சேவை நிறுவனங்கள் மீதும் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தில் முறையிட்டது. 2018 பெப்ரவரியில் அதே ஆணையம் வெளியிட்ட அறிக்கை, பாதுகாப்புத் திருத்தத்தைத் தேவைப்பட்டால் தனியாகப் பிரித்து விரைவாக அனுப்புமாறு தொழில்துறைக்குச் சொன்னது.

உங்கள் போனில் எந்த மாத மென்பொருள் இருக்கிறது என்பதை யாரிடமும் கேட்காமலே அறியலாம். சாம்சங் பில்ட் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைப் பாருங்கள். ‘சி-எக்ஸ்-எஃப்-3’ என்று முடிந்தால், இரண்டாவது எழுத்து ஆண்டு: ‘டபிள்யூ’ 2023, ‘எக்ஸ்’ 2024, ‘ஒய்’ 2025. மூன்றாவது எழுத்து மாதம்: ஆங்கில அகரவரிசையில் ‘ஏ’ ஜனவரி, ‘எஃப்’ ஜூன். ஆகவே அது 2024 ஜூனில் தொகுத்தது. அந்த நான்குக்கு முன்னால் இருக்கும் எண்ணையும் குறித்து வையுங்கள். போனை இயக்கித் தொடக்கும் நிரலான பூட்லோடரின் படிநிலை அது; மென்பொருளை மாற்றி ஏற்றுவது பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஷாவோமி, ரெட்மி போன்களில் பதிப்பு எண்ணின் வாலைப் பாருங்கள். ‘எம்.ஐ.எக்ஸ்.எம்.’ என்று முடிந்தால் உலகச் சந்தைக்கானது, சேவை வழங்குநர் இல்லாதது. கடைசி இரண்டு எழுத்துகள் ‘வி.எஃப்.’ என்றிருந்தால் வோடஃபோன், ‘ஓ.ஆர்.’ என்றிருந்தால் ஒரேஞ்ச். ஐரோப்பாவிலிருந்து வந்த ரெட்மியில் இதைக் காணலாம்.

அறிகுறி: ‘செக் ஃபோர் அப்டேட்’ அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருந்து தோல்வி என்கிறது, அல்லது அந்தத் தெரிவே இல்லை

போன் இயங்கத் தொடங்கும்போது வெளிநாட்டு நிறுவனமொன்றின் சின்னம் தோன்றுகிறதா? அப்படியானால் காரணம் அதுதான். சில அமெரிக்க நிறுவனங்களின் போன்கள், குறிப்பாக ஏ.டி. அண்ட் டி. குறியுள்ள சாம்சங் போன்கள், அந்த நிறுவனத்தின் சிம் உள்ளே இருந்தால்தான் அப்டேட்டைத் தேடுகின்றன. சீனக்குடாவில் அந்த சிம்முக்கு எங்கே போவது?

முதலில் கணினியில் சாம்சங்கின் ‘ஸ்மார்ட் சுவிட்ச்’ மென்பொருளை நிறுவி, கேபிளால் இணைத்துப் பாருங்கள். சில போன்களுக்கு அது வழி திறக்கும். சிலவற்றுக்கு அதுவும் கையை விரித்துவிடும். அதற்கடுத்த வழி, ‘யூ’ போனுக்கு ‘யூ1’ மென்பொருளை ஏற்றுவது. இரண்டும் ஒரே வன்பொருள் என்பதால் இது முடிகிறது. செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. போனில் உள்ள எல்லாமே அழியும். பூட்லோடர் படிநிலை எண் போனில் இருப்பதைவிடக் குறைந்த மென்பொருளைப் போன் ஏற்காது. இதற்குப் பாவிக்கும் ஒடின் எனும் கணினிக் கருவி சாம்சங் பொதுமக்களுக்கு வெளியிட்டது அல்ல, ஆகவே எங்கிருந்து இறக்கியது என்பது முக்கியம். இதையெல்லாம் கேட்டால் விழிக்கும் கடையில் போனைக் கொடுக்காதீர்கள். வங்கிச் செயலிக்கும் படங்களுக்கும் மட்டும் பாவிக்கும் போன் என்றால், இந்தத் துணிச்சல் தேவையா என்றும் யோசியுங்கள்.

அறிகுறி: “இயங்குதளம் அனுமதியின்றி மாற்றப்பட்டுள்ளது” என்ற செய்தி

பாவித்த போன் வாங்கியவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. முன்னைய சொந்தக்காரரோ இடையில் ஒரு கடையோ போனை ரூட் செய்திருக்கலாம் (இயங்குதளத்தின் முழுக் கட்டுப்பாட்டையும் எடுப்பது) அல்லது வேறு மென்பொருளை ஏற்றியிருக்கலாம். என் பக்கத்து வீட்டு அக்காவின் போனுக்கு இந்நகரக் கடையொன்று ‘புதிய பதிப்பு’ என்று சொல்லி ஏதோ ஒன்றை ஏற்றிக் கொடுத்தது. நிறம் நிறமாக நன்றாகத்தான் இருந்தது. சம்பளம் விழுந்த நாளில் வங்கிச் செயலி திறக்க மறுத்தபோதுதான் விடயம் தெரிந்தது.

சாம்சங்கில் அதிகாரபூர்வமற்ற மென்பொருள் ஏறியவுடன் நொக்ஸ் எனும் பாதுகாப்பின் உருகி ஒன்று எரிந்துவிடும். அது வன்பொருளில் இருப்பதால் திரும்பி வராது. அசல் மென்பொருளை மறுபடி ஏற்றினால் போன் இயங்கும். ஆனால் ‘செக்யூர் ஃபோல்டர்’ போன்ற வசதிகள் போனது போனதுதான். சீனச் சந்தைக்கான ஷாவோமி போன்களில் இடைத்தரகர்கள் போலியான ‘குளோபல்’ மென்பொருளை ஏற்றி விற்பதும் உண்டு. அவற்றுக்கு அப்டேட் ஒருபோதும் வராது. பாவித்த போனைக் கையில் வாங்கும்போதே அப்டேட் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

அறிகுறி: இரண்டு தேதிகள் பொருந்தவில்லை

பாதுகாப்புத் திருத்தம் ஓராண்டுக்கு முந்தியது, பிளே சிஸ்டம் அப்டேட் அண்மையது. இது பிழை அல்ல. 2019இல் ஆண்ட்ராய்டு 10 முதல் இயங்குதளத்தின் சில பகுதிகளைக் கூகுள் தன் பிளே வழியாகவே நேரடியாகப் புதுப்பிக்கிறது. அதற்குச் சேவை வழங்குநரின் கையொப்பம் தேவையில்லை. 2017இல் ஆண்ட்ராய்டு 8 உடன் வந்த டிரெபிள் ஏற்பாடு, சிப் சார்ந்த பகுதியை இயங்குதளத்திலிருந்து பிரித்து முன்பகுதித் தாமதத்தைக் குறைத்தது. சேவை வழங்குநரின் சோதனை என்ற கடைசிக் கதவு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே பிளே தேதி புதியதாக இருப்பதை வைத்து எல்லாம் பத்திரம் என்று எண்ண வேண்டாம். இயங்குதளத்தின் மையமான கெர்னல், வலையமைப்போடு பேசும் மோடம் ஆகியவற்றின் ஓட்டைகளை அடைப்பது மற்றத் தேதியில் உள்ள திருத்தம்தான்.

அறிகுறி: அப்டேட் தெரிகிறது, இறங்கவில்லை

இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. சேமிப்பிடம் போதவில்லை, மின்கலம் குறைவு, அல்லது வை-ஃபை வேண்டும் என்று போன் அடம்பிடிக்கிறது. வீட்டில் வை-ஃபை இல்லாதவர்கள் இன்னொரு போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தால் அது வை-ஃபையாகவே எடுத்துக்கொள்ளும். முழுப் பதிப்பு மாற்றம் சில ஜி.பி. வரை போகும் என்பதால், இரவு நேர டேட்டா உள்ள பொதி வைத்திருப்பவர்கள் அதற்குக் காத்திருப்பது நல்லது. பெரும்பாலான சாம்சங் போன்கள் நிறுவும்போது சில நிமிடங்கள் முற்றாக முடங்கும். பின்னணியில் நிறுவும் முறை அந்நிறுவனத்தில் 2024இன் ஏ55இல்தான் தொடங்கியது. சார்ஜரில் போட்டுவிட்டு விலகி இருங்கள்.

அறிகுறி: அப்டேட் வந்தபின் டேட்டா இல்லை, அல்லது 4ஜி அழைப்பு போகவில்லை

டேட்டா மட்டும் போயிருந்தால் ‘அக்செஸ் பொயின்ட் நேம்’ (இணைய இணைப்புக்கான பெயர்) பக்கத்தில் மீளமை என்பதை அழுத்தி, போனை ஒருமுறை நிறுத்தி இயக்குங்கள். வரவில்லையென்றால் வாடிக்கையாளர் சேவையிடம் சரியான பெயரைக் கேட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

வோல்டி எனும் 4ஜி அழைப்பு வேறு கதை. எந்த நாட்டில் எந்தச் சேவை வழங்குநருக்கு வோல்டி திறக்க வேண்டும் என்ற பட்டியல் போனின் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்க நிறுவனத்துக்காகச் செய்த மென்பொருளில் இலங்கை நிறுவனங்கள் இடம்பெறாமல் போகலாம். கூகுள் பிக்சல் வைத்திருப்பவர்களுக்கும் கூகுள் ஆதரிக்காத நாடுகளில் இதே தொல்லைதான். அழைப்பு வந்தவுடன் 4ஜி அடையாளம் கீழிறங்கி இணையம் நின்றுவிடுகிறது என்றால் இதுதான் காரணம். கிளைக்குப் போய் வரிசையில் நின்றாலும் அங்குள்ள தம்பியால் உங்கள் போனின் பட்டியலை மாற்ற முடியாது.

அறிகுறி: ஐபோன்

இயங்குதள அப்டேட்டை ஆப்பிள் எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் தானே வெளியிடுகிறது; சேவை வழங்குநரால் அதை நிறுத்திவைக்க முடியாது. ஆண்ட்ராய்டுக்காரர்களை வயிறெரிய வைக்கும் விடயம் இது. தானாக வர விட்டால் சில வாரங்கள் பிந்தலாம். ‘சாஃப்ட்வேர் அப்டேட்’ பக்கத்தைத் திறந்து நீங்களே தேடினால் உடனே கிடைக்கும். சேவை வழங்குநரின் அமைப்புகள் தனிச் சிறு கோப்பாக வரும். அப்படி ஒன்று வந்திருந்தால், ‘அபௌட்’ பக்கத்தில் சற்று நேரம் நின்றதும் நிறுவவா என்று போன் கேட்கும். அதே பக்கத்தில் ‘கெரியர் லொக்’ என்பதற்கு எதிரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று இல்லாவிட்டால் அந்த ஐபோனை வாங்காதீர்கள்.

அறிகுறி: எதுவுமே பொருந்தவில்லை, ஆனால் அப்டேட் நின்று நெடுநாளாகிறது

ஆயுள் முடிந்திருக்கலாம். கூகுள் 2023இல் பிக்சல் 8 முதலும் சாம்சங் 2024இல் எஸ்24 முதலும் ஏழு ஆண்டு ஆதரவு அறிவித்தன. அதற்கு முந்தியவற்றுக்கும் விலை குறைந்தவற்றுக்கும் காலம் குறைவு. அந்தக் கணக்கு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. மூன்றாண்டு பாவித்து அனுப்பிய போனில் மிச்சத்தைத்தான் நீங்கள் பெறுகிறீர்கள். இப்படிப்பட்ட போனில் குரோமையும் வட்ஸ்அப்பையும் தவறாமல் புதுப்பியுங்கள்; வங்கிச் செயலியை வேறு போனுக்கு மாற்றுங்கள்.

இனி அனுப்பப்போகும் உறவினருக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும்: “அண்ணா, ஒப்பந்தத்தில் எடுக்கும் போன் வேண்டாம். தயாரிப்பாளரின் கடையில் அன்லொக்காகவே வாங்குங்கள். சாம்சங் என்றால் மாடல் எண்ணையும் ‘சர்வீஸ் புரொவைடர்’ பக்கத்தையும் படம் பிடித்து அனுப்புங்கள்.” ஏற்கெனவே ஒப்பந்தப் போன்தான் கையில் இருக்கிறது என்றால், அவருடைய சிம் உள்ளே இருக்கும்போதே வந்திருக்கும் எல்லா அப்டேட்டையும் அங்கேயே இறக்கச் சொல்லுங்கள். பிறகு தம் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு அதன்பின் போனை அழிக்க வேண்டும். வரிசை மாறினால் போன் கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாண்டி வந்த பிறகும் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.